கிரிப்டோகாக்கஸ் தன் உறையை எங்கே, எப்படிக் கட்டுகிறது?

இராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மூளைக்காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கும் அவருடைய சித்தப்பாவின் முதுகுத்தண்டு நீர் அறிக்கையில் ‘உறையுடன் கூடிய, மொட்டு விடும் ஈஸ்ட் செல்கள் காணப்பட்டன’ என்று எழுதியிருக்கிறதாம். ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல் பூஞ்சை; இங்கே அது கிரிப்டோகாக்கஸ். ஒரு பூஞ்சை தனக்கென்று எப்படிக் கவசம் செய்துகொள்கிறது, நோய் தரும் எல்லாப் பூஞ்சைகளும் இப்படித்தானா, அந்தக் கவசத்தைக் கரைக்க மருந்து கிடையாதா, சித்தப்பா மாடியில் புறா வளர்த்ததுதான் இதற்குக் காரணமா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். இவற்றைச் சேர்த்துப் படித்தால், அவர் உண்மையில் அறிய விரும்புவது இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது: அந்த உறை எதனால் ஆனது, எங்கே உருவாகி எப்படி வெளியே வந்து நிற்கிறது என்பது ஒன்று, சித்தப்பாவைப் படுக்கையில் தள்ளியதில் அதற்கு என்ன பங்கு, அதை உடைத்தால் அவர் எழுந்துவிடுவாரா என்பது மற்றொன்று. வேலூரில் மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில், பெரும்பாலும் பூஞ்சைப் பிரிவில், பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நோயாளியைப் பார்த்து மருந்து எழுதுபவன் அல்லன் நான். ஆகவே மருந்தின் அளவு, நாள் கணக்கு ஆகியவற்றுக்குள் போகமாட்டேன். அவற்றை வார்டில் இருக்கும் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் சுலபமான கேள்வியை முடித்துவிடலாம். எல்லாப் பூஞ்சைகளும் இப்படிச் செய்வதில்லை. மனிதனுக்குக் கடுமையான நோய் தரும் பூஞ்சைகளில், செல்சுவருக்கு வெளியே தடித்த, தெளிவான பாலிசாக்கரைடு (சர்க்கரைகள் கோத்த நீண்ட சங்கிலி) உறையைக் கட்டுவது கிரிப்டோகாக்கஸ் மட்டுமே; அதிலும் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ், கிரிப்டோகாக்கஸ் காட்டி என்ற இரண்டு இனங்களைத்தான் நாம் நோயாளிகளிடம் பார்க்கிறோம். ஹிஸ்டோபிளாஸ்மா கேப்சுலேட்டம் என்ற பெயரைப் பார்த்து அதற்கும் உறை உண்டு என்று மாணவர்கள் எழுதுவதுண்டு. 1906-இல் பனாமாவிலிருந்து அதை முதலில் விவரித்த சாமுவேல் டார்லிங், சாயமேற்றிய திசுவில் செல்லைச் சுற்றித் தெரிந்த வெற்றிடத்தை உறை என்று எடுத்துக்கொண்டார். அது திசுவைப் பதப்படுத்தும்போது செல் சுருங்குவதால் உண்டாகும் இடைவெளி. அஸ்பெர்ஜில்லஸ் தன் இழைகளின் மேல் ஒட்டும் தன்மையுள்ள சர்க்கரைப் பொருளைச் சுரக்கிறது, கேண்டிடா கூட்டமாகப் படியும்போது தன்னைச் சுற்றி ஒரு கூழ்ப்படலத்தை உண்டாக்குகிறது என்பவை உண்மை. ஆனால் அவற்றை உங்கள் சித்தப்பாவின் அறிக்கையில் உள்ள உறையோடு ஒன்றாக வைத்துப் பேச முடியாது.

அந்த அறிக்கையை எழுதியவர் எதைப் பார்த்திருப்பார் என்று சொல்கிறேன். முதுகுத்தண்டு நீரைச் சுழற்றி அடியில் தங்கியதில் ஒரு துளியை ஸ்லைடில் வைத்து, அதன் பக்கத்தில் இந்தியா இங்க் எனப்படும் கறுப்பு மையில் ஒரு சிறு துளி விட்டு, இரண்டையும் கலந்து கவர் ஸ்லிப் போட்டு மூடுவோம். மை அதிகமானால் எல்லாம் இருண்டுவிடும். குறைந்தால் பின்னணி பழுப்பாகிக் கண்ணை ஏமாற்றும். சரியாக அமைந்தால், கருமையான வெளியில் ஒளிரும் வட்டங்கள் தெரியும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு உருண்டைச் செல் இருக்கும். அந்த வட்டம்தான் உறை. மைத்துகள்களால் அதற்குள் நுழைய முடியாததால் அது வெளிச்சமாகத் தெரிகிறது. அதாவது நாம் பார்ப்பது உறையை அன்று, மை போக முடியாமல் நின்ற எல்லையை. நீரில் ஊறிய சப்ஜா விதையைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் கறுப்பாக விதையும் சுற்றிலும் தெளிந்த கூழும் இருக்குமே, ஏறக்குறைய அந்தத் தோற்றம்தான். வெள்ளணுவும் சில சமயம் காற்றுக்குமிழியும் இதைப் போலவே வட்டம் காட்டும். அதனால் இரட்டைக் கோடாகத் தெரியும் செல்சுவரையும், குறுகிய கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மொட்டையும் கண்ட பிறகே ஈஸ்ட் என்று எழுதுவோம். உங்கள் அறிக்கையில் ‘மொட்டு விடும்’ என்ற சொற்கள் இருப்பது நல்லது. எழுதியவர் கவனமாகப் பார்த்திருக்கிறார்.

சப்ஜா விதையின் கூழைப் போலவே இந்த உறையிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். எஞ்சிய திடப்பொருளில் ஏறக்குறைய 90 விழுக்காடு குளுக்குரோனோசைலோமன்னன் என்ற ஒரே வகைப் பாலிசாக்கரைடு. நாக்கைச் சுளுக்கும் இந்தப் பெயரை இனி ஜி.எக்ஸ்.எம். என்று சுருக்கிக்கொள்கிறேன். கேலக்டோஸ் கலந்த இன்னொரு பாலிசாக்கரைடு மீதியில் பெரும்பங்கு; சர்க்கரை ஏறிய சில புரதங்கள் மிகச் சிறிதளவு. ஜி.எக்ஸ்.எம்.-இன் அமைப்பு வேதியியலாளர்களால் நன்றாக ஆராயப்பட்டது, இதில் ஐயமில்லை. மன்னோஸ் என்ற சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோக்கப்பட்ட சங்கிலி அது. சராசரியாக மூன்று மன்னோஸுக்கு ஒன்று என்ற கணக்கில் பக்கவாட்டில் குளுக்குரோனிக் அமிலம் தொங்கும். அவற்றோடு சைலோஸ் என்ற சர்க்கரையும் இடையிடையே அசிட்டைல் தொகுதியும் ஒட்டியிருக்கும். மூன்று மன்னோஸுக்கு எத்தனை சைலோஸ் என்பது வகைக்கு வகை மாறுகிறது: டி வகையில் 1, ஏ வகையில் 2, பி வகையில் 3, சி வகையில் 4. பழைய நூல்களில் செரோடைப் என்று பிரித்திருப்பதற்கு அடிப்படை இந்த வேறுபாடுதான். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் பெரும்பாலும் நாம் காண்பது ஏ வகை. பி, சி இரண்டும் காட்டி இனத்தைச் சேர்ந்தவை. குளுக்குரோனிக் அமிலத்தால் சங்கிலி முழுவதும் எதிர்மின்னேற்றம் பெறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி கட்டுமானம். சர்க்கரையை அப்படியே எடுத்துக் கோக்க எந்தச் செல்லாலும் முடியாது. முதலில் அதை ஒரு நியூக்ளியோடைடோடு இணைத்து வினைக்குத் தயாரான வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். மன்னோஸ் ஜி.டி.பி. என்ற நியூக்ளியோடைடோடு இணைகிறது. குளுக்குரோனிக் அமிலமும் சைலோஸும் யு.டி.பி. என்ற இன்னொரு நியூக்ளியோடைடோடு இணைந்தவை, இவை இரண்டும் ஒரே வரிசையில் பிறக்கின்றன. யு.டி.பி.-குளுக்கோஸை ஒரு நொதி ஆக்சிஜனேற்றம் செய்து யு.டி.பி.-குளுக்குரோனிக் அமிலம் ஆக்குகிறது; இன்னொரு நொதி அதிலிருந்து ஒரு கார்பனைக் கரியமில வாயுவாகக் கழற்றிவிட்டு யு.டி.பி.-சைலோஸ் ஆக்குகிறது. இரண்டாவது நொதிக்குரிய மரபணுவை 2001-இல் தமாரா டோரிங் குழுவினர் முதலில் பிடித்தது இந்தப் பூஞ்சையில்தான். தாவரங்களிலும் விலங்குகளிலும் அதன் இணைகளை அடையாளம் காண அது வழிவிட்டது. இந்தப் படிகளைச் சோதித்த விதமும் நேரடியானது. முதல் நொதியின் மரபணுவை நீக்கினால் உறையே இல்லை. இரண்டாவதை நீக்கினால் சைலோஸ் இல்லாத உறை வருகிறது. அந்தப் பூஞ்சையால் சுண்டெலிக்கு நோய் உண்டாக்க முடியவில்லை.

இந்த மூலப்பொருள்கள் செல்லின் சைட்டோபிளாசத்தில் உருவாகின்றன. அங்கிருந்து, செல்லுக்குள் பொருள்களைப் பொதிந்து அனுப்பும் கோல்ஜி உறுப்பின் உள்ளே அவற்றைக் கடத்தத் தனித்தனிக் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. சங்கிலி கோக்கப்படுவது அந்தப் பாதையில்தான் என்று கொள்ளப் போதிய காரணம் உண்டு. இது பார்ப்பதற்குச் சிறு விவரம் போலத் தோன்றினாலும், உங்கள் கேள்வியின் மையம் இதுவே. நிமோனியா தரும் நிமோகாக்கஸ் பாக்டீரியா தன் உறையைத் தன் சவ்விலேயே நீட்டுகிறது. பூஞ்சைகள்கூடத் தம் செல்சுவரின் கைட்டினையும் பீட்டா குளுக்கனையும் வெளிச்சவ்வில் உள்ள நொதிகளைக் கொண்டு, கோக்கும்போதே வெளியே தள்ளுகின்றன. கிரிப்டோகாக்கஸும் அப்படித்தான் செய்யும் என்று நினைத்திருக்க இடமிருந்தது. 2006-இல் யொனேடாவும் டோரிங்கும் ஒரு சோதனை செய்தார்கள். செல்லுக்குள் உருவாகும் நுண்பைகள் வெளிச்சவ்வோடு சேர்ந்து தம் சரக்கை வெளியே கொட்டுவதற்குத் தேவையான ஒரு புரதத்தை, வெப்பத்தை உயர்த்தினால் வேலை நிறுத்தும்படி மாற்றினார்கள். வெப்பம் ஏறியதும் நுண்பைகள் உள்ளேயே குவிந்தன, அவற்றுக்குள் ஜி.எக்ஸ்.எம். இருந்தது. அதாவது பாலிசாக்கரைடு உள்ளேயே செய்யப்பட்டு, பையில் ஏறி, பிறகு வெளியே போகிறது. தாவரங்கள் பெக்டினை இப்படித்தான் கோல்ஜியில் செய்து அனுப்புகின்றன. ஒரு பூஞ்சை தன் வெளியுறையை இவ்வாறு கட்டுகிறது என்பது அன்று எங்களைப் போன்றவர்களுக்குப் புதிய செய்தி.

சவ்வைத் தாண்டிய பிறகு செல்சுவர் குறுக்கே நிற்கிறது. ஜி.எக்ஸ்.எம். மூலக்கூறின் எடை பத்து லட்சம் டால்டன்களுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேல் போகும். இவ்வளவு பெரியது சுவரை எப்படித் தாண்டுகிறது? 2007-இல் மார்சியோ ரோட்ரிகஸ், ஆர்டுரோ கசடெவால் முதலியோர் சுவருக்கு வெளியே வளர்ப்பு நீரில் சவ்வால் மூடிய மிக நுண்ணிய பைகளைக் கண்டு, அவற்றில் ஜி.எக்ஸ்.எம். இருப்பதைக் காட்டினார்கள். பைகள் சுவரைக் கடக்கின்றன என்பதற்கு மின்னணு நுண்ணோக்கிப் படங்கள் உண்டு. உறைக்குத் தேவையான அத்தனையும் இந்த வழியில்தான் போகிறதா, சவ்வில் கொட்டப்பட்ட சங்கிலிகள் சுவரின் இடைவெளிகளில் தாமாகவும் ஊடுருவுகின்றனவா என்பது இன்னும் ஒரு பக்கமாகத் தீர்ந்த விஷயம் இல்லை.

தீராதது இன்னொன்றும் உண்டு, அது இதைவிடப் பெரியது. உறையே இல்லாத விகாரிகளை (மரபணு மாறிய செல்களை) ஆராய்ந்து சிஏபி59, சிஏபி64, சிஏபி60, சிஏபி10 என்று நான்கு மரபணுக்களை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் க்வான்-சங்கும் சாங்கும் 1990-களில் கண்டறிந்தார்கள். 1994-இல் வெளிவந்த முதல் ஆய்வு ஒரு திருப்பம்: சிஏபி59-ஐ நீக்கினால் உறை போயிற்று, சுண்டெலிக்கு நோயும் வரவில்லை, அதே மரபணுவைத் திரும்பச் சேர்த்தால் இரண்டும் திரும்பின. உறைதான் நோய் தரும் திறனுக்கு அடிப்படை என்று அதற்கு முன்பு எல்லோரும் சொல்லிவந்தாலும், மரபணு அளவில் நிறுவப்பட்டது அப்போதுதான். இந்த நான்கில் எது போனாலும் உறை இல்லை. ஆயினும் இந்த நான்கு புரதங்களும் சரியாக என்ன வேலை செய்கின்றன என்பது இன்றுவரை முழுதாகத் தெளிவாகவில்லை. சிஏபி59 வெளியேற்றத்தில் பங்குபெறுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது; சிஏபி10 சைலோஸைச் சேர்க்கும் நொதிகளின் சாயலைக் கொண்டிருக்கிறது. மன்னோஸ் சங்கிலியின் முதுகெலும்பைக் கோக்கும் நொதி எது என்பதோ, நான் அறிந்தவரை, ஐயத்துக்கு இடமின்றிக் காட்டப்படவில்லை. மூலப்பொருள் கிடங்கும் தெரியும், வெளிவாசலும் தெரியும். நடுவில் உள்ள தறிதான் அரை இருட்டில் இருக்கிறது. பாடநூல்களில் வரும் அழகான அம்புக்குறிப் படங்கள் இந்த இருட்டைக் காட்டுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

வெளியே வந்த சங்கிலி செல்லை விட்டு ஓடாமல் நிற்பது எப்படி என்பது மட்டும் அழகாகத் தெரிந்திருக்கிறது. செல்சுவரின் வெளிப்பகுதியில் ஆல்ஃபா-1,3-குளுக்கன் என்ற பொருள் இருக்கிறது. ரீஸும் டோரிங்கும் 2003-இல் அதைச் செய்யவிடாமல் தடுத்தபோது, செல் ஜி.எக்ஸ்.எம்.-ஐ வழக்கம்போல் செய்து வெளியே விட்டது. ஆனால் செல்லின்மேல் உறை நிற்கவில்லை, எல்லாம் கரைந்து நீரோடு போயிற்று. மறுபுறம், சொந்தமாக உறை செய்ய முடியாத விகாரியை எடுத்து, உறையுள்ள செல்கள் வளர்ந்த நீரில் ஊறவைத்தால், அது அடுத்த செல்லின் ஜி.எக்ஸ்.எம்.-ஐத் தன் சுவரில் ஏற்றுக்கொள்கிறது. செய்வதும் பிடித்துவைப்பதும் தனித்தனி வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை. சுவரில் முதல் அடுக்கு பிடித்துக்கொண்ட பிறகு அதற்கு மேல் அடுக்கு ஏறுவது சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்வதால். முன்பு குறித்துக்கொள்ளச் சொன்ன எதிர்மின்னேற்றம் இங்கே வேலை செய்கிறது: கால்சியம் போன்ற இரட்டை நேர்மின்னேற்ற அயனிகள் இரண்டு சங்கிலிகளுக்கு இடையே பாலமாக நின்று அவற்றை இணைக்கின்றன. சுவரின் கைட்டின் சார்ந்த துண்டுகளும் இதில் சேர்கின்றன. உறை சுவரை ஒட்டிய பகுதியில் நெருக்கமாகவும் வெளியே போகப்போகத் தளர்வாகவும் இருக்கிறது.

உறை பெருகும்போது புதிய சங்கிலி உள்ளே சேர்ந்து பழையதை வெளியே தள்ளுகிறதா, அல்லது வெளிவிளிம்பில் போய் ஏறுகிறதா என்பதில் நல்ல ஆய்வாளர்களே இரு அணியாக இருந்தார்கள். 2001-இல் வந்த ஆய்வு சுவரை ஒட்டிச் சேர்வதாகச் சொன்னது. 2006-இல் வந்தது வெளிவிளிம்பில் சேர்வதாகச் சொன்னது. பழைய உறைக்கு அவர்கள் அடையாளம் வைத்த முறைகள் வேறு, முடிவும் வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடும் என்றுதான் நான் வகுப்பில் சொல்வது வழக்கம். அது என் கருத்து, நிறுவப்பட்ட முடிவு என்று கொள்ள வேண்டாம்.

எப்போது கட்டுகிறது என்பதற்கு வருவோம், புறா விஷயமும் இதில் அடங்கும். மண்ணிலும் காய்ந்த புறா எச்சத்திலும் இந்தப் பூஞ்சை மெல்லிய உறையோடு சுருங்கிக் கிடக்கிறது. புறாக் கூடுகளிலிருந்து செஸ்டர் எம்மன்ஸ் இதைப் பிரித்தெடுத்தது 1955-இல். காட்டி இனத்துக்குத் தைலமரத்தோடு உள்ள தொடர்பை 1990-இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். இந்தியாவிலும் பிறகு அப்படிக் கண்டிருக்கிறார்கள். உடம்புக்குள் வந்தால் நிலைமை மாறுகிறது. வெளிக்காற்றில் 0.04 விழுக்காடே உள்ள கரியமில வாயு நம் உடலுக்குள் 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. இரும்புச் சத்தை நம் ரத்தப் புரதங்கள் பிடித்துவைத்துக்கொள்வதால் கிருமிக்குக் கிடைப்பது குறைவு. இந்த இரண்டையும், ரத்த சீரத்தையும், உடலின் பி.எச். அளவையும் பூஞ்சை உணர்ந்து, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற உள்செய்தி வழியாக உறை உற்பத்தியை முடுக்குகிறது. கரியமில வாயுவின் பங்கு 1985-இலேயே காட்டப்பட்டது. சில மணி நேரத்திலேயே தடிப்பு கூடிவிடும். 5 மைக்ரான் செல்லைச் சுற்றி அதைவிடத் தடித்த உறையை ஸ்லைடில் காண்பது அரிதில்லை. சுண்டெலியில் பார்த்தால் ஒரே விலங்கின் நுரையீரலில் உள்ள செல்லின் உறை மூளையில் உள்ளதைவிடத் தடிப்பாக இருக்கிறது. நோயாளியின் நீரில் பெரிய உறையோடு தெரிந்த பூஞ்சையைச் சபோராடு வளர்ப்புத்தளத்தில் ஏற்றினால், கூழ்போல் வழிந்து சாய்தளத்தின் அடியில் போய்த் தேங்கும். அதையே பலமுறை மாற்றி வளர்த்து மை போட்டுப் பார்த்தால் உறை மெலிந்திருக்கும். மண்ணில் இந்த உறையால் என்ன பயன் என்றால், வறட்சியைத் தாங்கவும் அங்குள்ள அமீபாக்களிடமிருந்து தப்பவும் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். மனிதனைக் குறிவைத்து உண்டான ஏற்பாடு அன்று.

உங்கள் சித்தப்பாவின் புறாக்களைப் பற்றி: அவற்றைக் குற்றவாளியாக்க என்னால் முடியாது. கோயில் கோபுரம், பஸ் ஸ்டாண்டுக் கூரை, கோட்டை மதில் என்று புறா இல்லாத இடம் நம் ஊர்ப்பக்கத்தில் ஏது? இந்தப் பூஞ்சையை நம்மில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே சுவாசித்திருப்போம். எதிர்ப்பாற்றல் அதை அடக்கிவைக்கும். அது குறைந்தவர்களிடம்தான் பெரும்பாலும் நோயாகிறது. எச்.ஐ.வி., உறுப்பு மாற்றம், நெடுநாள் ஸ்டீராய்டு ஆகியவை முக்கியக் காரணங்கள். எந்தக் குறையும் தெரியாதவர்களுக்கும் சில சமயம் வருவதுண்டு. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரிந்தது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் எங்கள் ஆய்வக மேசைகளில் இந்த உறைவட்டங்கள் அரிய காட்சியாக இருக்கவில்லை. காரணம் எதுவென்று அறிய மருத்துவர்கள் உங்கள் சித்தப்பாவுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கேட்டிருப்பார்கள், அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்த நோயில் அது வழக்கமான நடைமுறை. குணமாகி வீடு திரும்பிய பின் கூண்டைச் சுத்தம் செய்யும் வேலையை மட்டும் வேறொருவர் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது இரண்டாவது கேள்வி. உறையைக் கவசம் என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வெள்ளணுக்கள் விழுங்குவதற்குப் பற்றிக்கொள்ளும் சுவர்ப்பொருள்களை உறை மறைத்துவிடுகிறது. உள்ளே விழுங்கப்பட்டாலும் செல்லைக் காக்கிறது. ஆனால் மறுபாதி கவசத்துக்கு இல்லாத குணம். இந்தப் பூஞ்சை தான் செய்யும் ஜி.எக்ஸ்.எம்.-இல் பெரும்பங்கைத் தன்மேல் வைத்துக்கொள்வதே இல்லை. ரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் ஓயாமல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அப்படிக் கொட்டியது வெள்ளணுக்களைத் தொற்று இடத்துக்கு வரவிடாமல் தடுக்கிறது, எதிர்ப்பாற்றலை மந்தமாக்குகிறது. மூளையைச் சுற்றிய நீர் ரத்தத்துக்குள் வடியும் நுண்வழிகளை இந்தக் கூழும் ஈஸ்ட் செல்களும் அடைத்துவிடுவதால் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பார்வை மங்குதல் ஆகியவை பெரும்பாலும் அந்த அழுத்தத்தால்தான். ஆகவே மருத்துவர்கள் மறுபடியும் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றால், அது பரிசோதனைக்காக மட்டும் இருக்காது. அழுத்தத்தைக் குறைப்பதற்கான சிகிச்சையே அதுதான். முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று நம் பக்கத்தில் வீட்டுப் பெரியவர்கள் கையெழுத்துப் போட மறுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த நோயில் மறுப்பதால்தான் கண் போகிறது, சில சமயம் உயிரும் போகிறது.

உறையைக் கரைக்க மருந்து ஏன் இல்லை என்பதற்கு மேலே எழுதியதிலிருந்தே பாதி விடை கிடைத்துவிடும். சங்கிலியைக் கோக்கும் முதன்மை நொதியே உறுதியாகத் தெரியாதபோது அதைக் குறிவைத்து மருந்து செய்வது கடினம். இரண்டாவது காரணம் எச்சரிக்கையூட்டுவது: உறையை அரைகுறையாக மாற்றினால் நன்மைதான் வரும் என்பதில்லை. டி வகையில் அசிட்டைல் தொகுதியைச் சேர்க்கும் மரபணுவை நீக்கியபோது பூஞ்சை பலவீனமாகவில்லை, சுண்டெலிகளுக்கு முன்னிலும் கொடியதாயிற்று. மூன்றாவது, ஏற்கெனவே கொட்டிக் கலந்துவிட்ட ஜி.எக்ஸ்.எம். புதிய உறையைத் தடுப்பதால் மறைந்துவிடாது. அதைப் பிடித்து அகற்றும் நோக்கில், ஜி.எக்ஸ்.எம்.-ஐ இனங்கண்டு ஒட்டும் 18பி7 என்ற எதிர்ப்புப் புரதத்தை எச்.ஐ.வி. நோயாளிகளிடம் முதற்கட்டமாகச் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள், ரத்தத்தில் ஜி.எக்ஸ்.எம். ஓரளவு குறைந்தது, ஆனால் அது மருந்தாக வளர்ந்து நடைமுறைக்கு வரவில்லை. இன்று கையில் இருக்கும் மூன்று மருந்துகளும் உறையைத் தொடுவதில்லை. ஆம்போடெரிசின் பி பூஞ்சையின் சவ்வில் உள்ள எர்கோஸ்டெராலைப் பற்றுகிறது, ஃப்ளூகோனசோல் அந்த எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கிறது, ஃப்ளூசைட்டோசின் மரபுப்பொருள் உருவாக்கத்தைக் கெடுக்கிறது. உறை இருந்தாலும் இவை உள்ளே போகின்றன, செல் சாகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆம்போடெரிசினின் லிபோசோமல் (நுண்ணிய கொழுப்புப் பைகளில் பொதிந்த) வடிவத்தை ஒரே தவணையில் அதிக அளவு கொடுத்து, மற்ற இரண்டையும் சேர்த்துத் தரும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. ஆகவே உறையை உடைக்க வழியில்லை என்பதற்காக நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

கடைசியாக, அடுத்த சில வாரங்களில் உங்களைக் குழப்பக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவின் ரத்தத்திலோ முதுகுத்தண்டு நீரிலோ ‘கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென்’ பார்த்திருப்பார்கள். அந்தப் பட்டைச் சோதனை கண்டுபிடிப்பது இதே ஜி.எக்ஸ்.எம்.-ஐத்தான். இந்தியா இங்க்கைவிட அது பல மடங்கு நுட்பமானது. நோயின் அறிகுறி தெரிவதற்குச் சில வாரங்கள் முன்பே ரத்தத்தில் காட்டிவிடும். ஆனால் நம் உடலில் இந்தச் சர்க்கரையை உடைக்கும் நொதி இல்லாததால், பூஞ்சை செத்த பிறகும் அது மாதக்கணக்கில் தங்கும். இறந்த செல்லும் மையில் அதே வட்டத்தைக் காட்டும். சிகிச்சைக்குப் பிறகு வரும் அறிக்கையில் ‘ஆன்டிஜென் பாசிட்டிவ்’ என்றோ ‘உறையுள்ள ஈஸ்ட் செல்கள்’ என்றோ மறுபடியும் இருந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி மருத்துவமனையை மாற்ற ஓடாதீர்கள். அந்த நீரைக் கல்ச்சருக்கு (வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) போட்டார்களா, போட்டதில் ஏதாவது வளர்ந்ததா, நீரின் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். கல்ச்சரை எங்கள் ஆய்வகங்களில் சில வாரங்கள் வைத்துப் பார்த்த பிறகே வளர்ச்சி இல்லை என்று எழுதுவோம், ஆகையால் அந்த முடிவு தாமதமாகத்தான் கைக்கு வரும்.